காணாமற்போன படத்தாளை வேறொரு படியிலிருந்து எடுத்து நிரப்பலாமா?

பதிவு 1 | சுவடிநிழல்

அனைவருக்கும் வணக்கம். நான் பணியாற்றும் பழமையான நூலகத்தின் அரிய நூல் அறையில், படங்கள் உள்ள நூல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, தாள்களை எண்ணிப் பட்டியலோடு ஒத்துப் பார்க்கும் வேலை சில மாதங்களாக நடந்து வருகிறது. அப்படிப் பார்த்தபோது, 18-ஆம் நூற்றாண்டில் அச்சான பெரிய தாவர நூல் ஒன்றில் ஒரு படத்தாள் இல்லை என்பதைக் கண்டோம். அது தானாக உதிர்ந்து விழுந்ததன்று. தையலை ஒட்டிக் கூரிய கத்தியால் நேராக அறுத்து எடுத்திருக்கிறார்கள். விரலகலம்கூட இல்லாத அடித்துண்டு மட்டும் நூலின் கட்டுமானத்தில் (பைண்டிங்கில்) எஞ்சி நிற்கிறது. இது எப்போது நடந்தது என்பதற்குப் பதிவேடுகளில் ஒரு குறிப்பும் இல்லை.

இப்போது, அதே பதிப்பின் வேறொரு படியிலிருந்து பிரிக்கப்பட்ட அதே படம் தனித்தாளாக விற்பனைக்கு வந்திருக்கிறது. நூலகத்தின் நலம்விரும்பி ஒருவர் அதை வாங்கித் தர முன்வந்துள்ளார். அடுத்து நடக்கவிருக்கும் கண்காட்சியில் இந்நூலை நடுநாயகமாக வைக்க எண்ணியிருப்பதால், அந்தத் தாளை வாங்கி, அடித்துண்டோடு ஒட்டி, நூலை முழுமையாக்கிவிடலாம் என்பதே என் விருப்பம். ஆனால் உடன் பணியாற்றும் மூத்தவர் ஒருவர், அது இந்த நூலின் படம் அன்று என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார். அதே தகட்டில் அச்சான அதே படம் எப்படி இந்த நூலின் படமாகாமல் போகும்? இத்துறையில் பழகியவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதிவு 2 | அச்சுமேசை

வணக்கம் நண்பரே. அந்தத் தாளை அவ்வளவு எளிதாக அறுத்தெடுக்க முடிந்தது ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

மரச்செதுக்கில், அதாவது மரக்கட்டையில் படத்தைச் செதுக்கி அச்சிடும் முறையில், படத்தின் கோடுகள் மேடாக நிற்கும். மற்ற இடமெல்லாம் குடைந்து நீக்கப்பட்டிருக்கும். கட்டையின் உயரத்தை ஈய எழுத்தின் உயரத்துக்குச் சமமாக அமைத்துவிட்டால், எழுத்தையும் படத்தையும் ஒரே சட்டத்துக்குள் முடுக்கி, ஒன்றாக மை தடவி, ஒரே அழுத்தத்தில் அச்சிட்டுவிடலாம். 1493-இல் நியூரம்பெர்க் நகரில் அன்டன் கோபெர்கர் அச்சிட்ட உலக வரலாற்று நூலில் 1,800-க்கும் மேற்பட்ட படங்கள் இப்படித்தான் எழுத்துகளுக்கு இடையிலும் பக்கத்திலுமாகப் பின்னிக் கிடக்கின்றன. அவற்றுக்குப் பயன்பட்ட கட்டைகள் சுமார் 645 மட்டுமே. ஒரே கட்டை ஓரிடத்தில் ஒரு நகரத்தையும் வேறோரிடத்தில் இன்னொரு நகரத்தையும் குறித்து நிற்கும். அந்த நூலில் ஒரு படத்தை வெட்டினால் முன்பக்கமும் பின்பக்கமும் உள்ள எழுத்தும் சேர்ந்தே போகும்.

உங்கள் நூலில் உள்ளது போன்ற செப்புத்தகட்டில் முறை தலைகீழானது. அங்கே கோடுகள் பள்ளமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். தகடு முழுவதும் மை பூசி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டால் பள்ளங்களில் மட்டும் மை தங்கும். அதன்மேல் நனைத்த தாளை வைத்து, இரண்டு உருளைகளுக்கு நடுவே மிகுந்த அழுத்தத்தோடு செலுத்தினால், தாளின் நார் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். எழுத்தை அச்சிடும் பொறி இதற்கு உதவாது. அதனால் படங்கள் தனித்தாள்களில், பெரும்பாலும் வேறொரு பட்டறையில் அச்சாகி, கட்டுமானத்தின்போது எழுத்துத் தாள்களுக்கு நடுவே செருகப்பட்டன. பின்பக்கம் வெறுமையாக இருக்கும் அந்தத் தனித்தாள்தான் கத்திக்கு எளிய இரையாகிறது.

இன்னொன்றும் உண்டு. செம்பு மென்மையான உலோகம். ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் அழுத்தும்போதும் பள்ளத்தின் விளிம்பு சற்றே தேய்கிறது. முதலில் எடுத்த நூறு தாள்களில் கருமை செறிந்து, மெல்லிய நிழற்கோடுகள் தெளிவாக நிற்கும். ஆயிரத்தைத் தாண்டிய பிறகு அதே இடம் சாம்பல் பூத்தாற்போல் வெளிறிவிடும். தேய்ந்த தகட்டின் கோடுகளை மீண்டும் ஆழமாக்கி அச்சிடுவதும் வழக்கமே. ஆகவே ஒரே தகட்டிலிருந்து வந்தவை என்பதனாலேயே இரண்டு தாள்கள் ஒன்றுக்கொன்று மாற்றாகிவிட மாட்டா. உங்கள் மூத்தவர் சொன்னதில் பொருள் இருக்கிறது.

பதிவு 3 | தாள்பேணுநர்

நான் தாள் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவள். மூத்தவர் பக்கமே நிற்கிறேன். என் காரணம் அச்சின் கருமையோடு முடிவதில்லை.

அரிய நூலின் ஒரு படி என்பது அச்சான வாசகமும் படமும் மட்டும் அன்று. எந்தத் தாளில் அச்சானது, எந்த வரிசையில் தைக்கப்பட்டது, விளிம்பு எவ்வளவு வெட்டப்பட்டது, எந்தப் பக்கம் அதிகம் திறந்து வைக்கப்பட்டது, யார் ஓரத்தில் என்ன எழுதினார், பூச்சி எந்த அட்டையில் புகுந்து எத்தனையாவது தாள் வரை துளைத்தது ஆகிய அனைத்தும் அந்தப் படியின் வரலாற்றில் சேரும். பூச்சித் துளை ஒன்று இருபது தாள்களில் ஒரே இடத்தில் தொடர்ந்து வந்து, இருபத்தொன்றாம் தாளில் மட்டும் காணப்படாமல், இருபத்திரண்டில் மீண்டும் தொடர்ந்தால், நடுவில் இருப்பது வேறு படியிலிருந்து வந்த தாள் என்று அந்தத் துளையே காட்டிக் கொடுத்துவிடும். நாம் ஒரு தாளைக் கொண்டுவந்து ஒட்டினால், நூறாண்டுக்குப் பின் இந்நூலை ஆராய்பவருக்குப் பொய்யான சாட்சி ஒன்றை வைத்துவிட்டுப் போகிறோம்.

அந்த அடித்துண்டைத் தயவுசெய்து மிகுந்த கவனத்தோடு காத்து வையுங்கள். பலர் அதை அசிங்கமான மிச்சமாகக் கருதி நீக்கிவிடுகிறார்கள். அங்கே ஒரு தாள் இருந்தது என்பதற்கும், அது அறுக்கப்பட்டது என்பதற்கும், அந்தத் தாள் எவ்வளவு தடிமனாக இருந்தது என்பதற்கும் கையில் இருக்கும் ஒரே சான்று அதுதான். களவுபோன தாள் என்றேனும் கிடைக்குமானால், வெட்டு விளிம்போடு விளிம்பு பொருந்துகிறதா என்று பார்த்து அடையாளம் காண்பதும் அதை வைத்துத்தான்.

விற்பனைக்கு வந்த தாள் எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்க வேண்டும். முழு நூலாக விற்பதைவிடப் படங்களைத் தனித்தனியாக விற்றால் கூடுதல் பணம் கிடைக்கும் என்பதற்காகவே நல்ல நிலையில் உள்ள நூல்களைப் பிரிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பறவை ஓவியர் ஆடுபான் 1827 முதல் 1838 வரை வெளியிட்ட அமெரிக்கப் பறவைகள் பற்றிய நூல் 435 பெரும் படங்களைக் கொண்டது. தாளின் உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டர். இன்று முழுமையாக எஞ்சியிருப்பவை சுமார் 120 படிகளே. சுவரில் சட்டமிட்டுத் தொங்கும் அதன் மூலப்படங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் பிரிக்கப்பட்ட ஒரு படி இருக்கிறது. நூலகமே வாங்குபவராக வந்து நிற்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

பதிவு 4 | நூல்தேடி

தாள்பேணுநர் அம்மாவின் அக்கறையை மதிக்கிறேன். ஆனாலும் நீண்டகாலம் பழைய நூல்களைச் சேகரித்தவன் என்ற முறையில் எதிர்ப்பக்கத்தையும் எடுத்துரைக்க வேண்டியிருக்கிறது.

எந்த நூல்தான் பிறந்த நாளிலேயே ஒரே உருவில் முழுமையாக இருந்தது? 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பல நூல்கள் தைக்கப்படாத தாள்களாகவோ தற்காலிக உறையிலோ விற்கப்பட்டன. வாங்கியவர் தம் விருப்பப்படி கட்டுமானம் செய்வித்தார். படங்களை உரிய பக்கத்துக்கு எதிரே வைத்தவர் உண்டு, எல்லாவற்றையும் கடைசியில் சேர்த்துத் தைத்தவர் உண்டு. மரியா சிபில்லா மேரியன் 1699-இல் தம் மகளோடு தென் அமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேறிச் சென்று, திரும்பி வந்து 1705-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட பூச்சி நூலில் 60 படங்கள். அதன் சில படிகளில் இருப்பவை தகட்டிலிருந்து நேராக எடுத்த அச்சுகளே அல்ல. அப்போதுதான் அச்சான ஈரமான படத்தின்மேல் மற்றொரு தாளை வைத்து அழுத்தி எடுத்த எதிர்ப்பதிவுகள் அவை. கோடுகள் மெலிந்து, தகட்டின் விளிம்புத் தடம் இல்லாமல், படம் இடவலம் மாறித் தகட்டுக்கு முந்தைய ஓவியத்தின் திசையிலேயே அமைந்திருக்கும்; அதன்மேல் வண்ணம் தீட்டினால் கையால் வரைந்த ஓவியம் போலவே தோன்றும். ஒரே நூல், ஒரே ஆண்டு, ஆனால் படிக்குப் படி வேறு உருவம். இதில் எதை மாறாத மூலம் என்று கொள்வது?

வேறு நூலின் படத்தை வெட்டித் தம் நூலில் சேர்ப்பதும் புதிய பழக்கமன்று. ஜேம்ஸ் கிரேஞ்சர் 1769-இல் வெளியிட்ட இங்கிலாந்து வாழ்க்கை வரலாற்று நூலுக்குப் பிறகு, அதில் பெயர் வரும் மனிதர்களின் உருவப்படங்களைத் தேடி, பிற நூல்களிலிருந்து வெட்டிச் சேர்த்து, ஓரிரு தொகுதிகளைப் பத்து இருபது தொகுதிகளாகப் பெருக்கும் வழக்கம் பரவியது. அதற்குப் பலியான நூல்களை நினைத்தால் மனம் நோகிறது. ஆயினும் அப்படி உருவான தொகுதிகளைப் பெரிய நூலகங்கள் இன்று செல்வமாகப் போற்றுகின்றன.

வெசாலியஸ் 1543-இல் பாசல் நகரில் வெளியிட்ட உடற்கூற்று நூலின் மரக்கட்டைகள் வெனிசில் செதுக்கப்பட்டு, ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வந்தவை. அந்தக் கட்டைகள் பல நூற்றாண்டுகள் பிழைத்திருந்து, 1934-இல் மீண்டும் அச்சிடக்கூட உதவின. பிறகு இரண்டாம் உலகப் போரில் மியூனிக் மீது விழுந்த குண்டுகளால் அழிந்தன. மூலக்கருவிகள் அழியக்கூடிய உலகில், பிரிக்கப்பட்டுவிட்ட ஒரு தாளை நூலகம் வாங்கிக் காப்பது எப்படிக் குற்றமாகும்? நூலகம் வாங்காவிட்டால் அது ஏதோ ஒரு வரவேற்பறையில் வெயில்பட்டு வெளிறப்போகிறது. வாங்குங்கள், ஒட்டுங்கள், ஒட்டியதை ஒளிவுமறைவின்றிப் பட்டியலில் எழுதுங்கள். இதுவே என் கருத்து.

பதிவு 5 | இலைநரம்பு

நான் தாவரவியல் ஆய்வாளர். நூல்களின் கட்டுமானம் பற்றி எனக்குத் தெரிந்தது சொற்பம்; ஆனால் பழைய தாவரப் படங்களோடு நாள்தோறும் பழகுகிறேன்.

எங்களுக்குப் படம் அழகுப்பொருள் அன்று, சான்று. மலபாரில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடே தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த மலபார் தாவர நூலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 700-க்கும் மேற்பட்ட செப்புத்தகட்டுப் படங்களில் செடியின் பெயர் இலத்தீன் எழுத்தோடு மலையாள எழுத்திலும் அரபு எழுத்திலும் படத்துக்குள்ளேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. முதல் தொகுதியில் இட்டி அச்சுதன் என்ற மருத்துவர், தம் குடும்பத்து ஏடுகளிலும் தம் பட்டறிவிலும் இருந்தவற்றை எடுத்துச் சொன்னதாகத் தம் கையெழுத்தில் தந்த சான்றிதழும் செப்பில் பொறித்து அச்சாகியிருக்கிறது. அந்தச் சான்றும், பக்கத்தில் உள்ள இலத்தீன் விளக்கமும், படமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. பிரித்து விற்ற தாளில் ஓர் அழகிய செடி மட்டுமே மிஞ்சும். அதைச் சொல்லிக்கொடுத்தவர் மறைந்துபோவார். இதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது.

இதற்கு நேர்மாறாக, 1542-இல் பாசலில் அச்சான ஃபுக்ஸின் மூலிகை நூலின் கடைசியில் மூன்று கைவினைஞர்களின் உருவங்கள் இருக்கின்றன. செடியைப் பார்த்து வரைந்த ஆல்பிரெக்ட் மேயர், வரைந்ததைக் கட்டைக்கு மாற்றிய ஹைன்ரிஷ் ஃபுல்மவுரர், கட்டையைச் செதுக்கிய ஃபைட் ருடோல்ஃப் ஷ்பெக்லே ஆகியோரே அவர்கள். இப்படிக் கைகளுக்கு முகம் கொடுத்த நூல்கள் அக்காலத்தில் மிகச் சில. அந்தப் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நன்றியுணர்வு மேலிடுகிறது.

ஆனால் படமும் உரையும் எப்போதும் ஒன்றாகவே பிறந்தன என்றும் சொல்ல முடியாது. ஆடுபான் தம் உரையைப் படங்களிலிருந்து பிரித்து வேறு நூலாக வெளியிட்டார். எழுத்து இணைந்திருந்தால் பிரிட்டன் நூலகங்களுக்குச் சட்டப்படி இலவசப் படிகள் தர வேண்டியிருந்திருக்கும் என்பதே காரணம். சுவடிநிழல் அவர்களுக்கு என் கேள்வி ஒன்றே: உங்கள் படியின் மற்றப் படங்கள் வண்ணம் தீட்டியவையா, கறுப்பு வெள்ளையா?

பதிவு 6 | சுவடிநிழல்

விரிவான விளக்கங்களுக்கு மிக்க நன்றி. இலைநரம்பு அவர்களின் கேள்விக்கு விடை சற்று விந்தையானது. முதல் 11 படங்கள் கையால் வண்ணம் தீட்டப்பட்டுள்ளன. இலைகள் அழுத்தமான பச்சை, பூக்கள் மெல்லிய சிவப்பும் ஊதாவும். காணாமற்போனது 12-ஆம் படம். 13 முதல் கடைசிவரை உள்ளவை அனைத்தும் வண்ணமே இல்லாத கறுப்பு அச்சுகள். விற்பனைக்கு வந்துள்ள 12-ஆம் படத்திலும் வண்ணம் இல்லை. விற்பனையாளர் அனுப்பிய ஒளிப்படத்தில் தாள் மிகச் சுத்தமாகவே தெரிகிறது.

பதிவு 7 | அச்சுமேசை

அப்படியானால் உங்கள் படி நாம் நினைத்ததைவிடச் சுவையானது. வண்ணம் பதிப்பாளரின் பட்டறையில் தீட்டப்பட்டிருந்தால் எல்லாப் படங்களிலும் ஒரே ஒழுங்கு இருந்திருக்கும். 11-இல் நின்றுபோனது என்றால், நூலை வைத்திருந்த யாரோ ஒருவர் தாமே தீட்டத் தொடங்கியிருக்க வேண்டும்.

தனித்தாளை நேரில் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், விளக்கைத் தாளின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டு ஒளியில் பாருங்கள். படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய செவ்வகப் பள்ளம் தெரிய வேண்டும். செப்புத்தகட்டு அச்சு என்று சொல்லப்படும் படத்தில் அந்தத் தடம் இல்லையென்றால், விளிம்பு வெட்டப்பட்டிருக்கலாம், எதிர்ப்பதிவாக இருக்கலாம், அல்லது அது கல்லச்சாக இருக்கலாம். செனஃபெல்டர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியாண்டுகளில் கண்டுபிடித்த கல்லச்சு, எண்ணெயும் நீரும் ஒட்டாது என்ற இயல்பை வைத்து, வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மேல் நடப்பது. அதில் பள்ளமும் இல்லை, மேடும் இல்லை. உருப்பெருக்கியில் பார்க்கும்போது சிறு சிறு புள்ளிகள் ஒரே ஒழுங்கில் அணிவகுத்து நின்றால் அது பிற்காலத்து ஒளிப்பட அச்சு. மேற்கொண்டு ஆராயவே வேண்டாம். தடம் இருப்பதாலேயே நம்பிவிடவும் கூடாது. வெற்றுத் தகட்டை வைத்து அழுத்திப் போலித் தடம் உண்டாக்குவதும் உண்டு. பிறகு தாளை ஒளிக்கு எதிரே பிடித்து, நீர்க்குறியையும் (தாளுக்குள் ஒளியில் மட்டும் தெரியும் அடையாளம்), தாள் செய்த சல்லடையின் கம்பிகள் விட்ட வரிகளின் இடைவெளியையும் உங்கள் நூலின் 11, 13-ஆம் படத்தாள்களோடு ஒப்பிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று கேட்கிறேன். காணாமற்போன படத்துக்கு எதிர்ப்பக்கத்தை நன்றாகப் பார்த்தீர்களா?

பதிவு 8 | நூல்தேடி

அச்சுமேசை ஐயா போலித் தடம் பற்றிச் சொன்னதும் ஒரு நிகழ்வு நினைவுக்கு வருகிறது. கலிலியோ 1610-இல் வெனிசில் வெளியிட்ட வானியல் நூலில் நிலவின் படங்கள் செப்புத்தகட்டில் அச்சானவை. சில படிகளில் படம் பதிக்கப்படாமல் இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கும். 2005-இல் சந்தைக்கு வந்த ஒரு படியில், அந்த இடங்களில் நிலவு நீர்வண்ணத்தில் தீட்டப்பட்டிருந்தது. அவை கலிலியோவின் கைவண்ணமே என்று தேர்ந்த அறிஞர்கள் ஆராய்ந்து நம்பினார்கள். அதைப் பற்றி நூல்களும் எழுதப்பட்டன. 2012-இல் அது முழுப் போலி என்பது உறுதியாயிற்று. மூலநூலின் ஒளிப்படத்திலிருந்து செய்த புதுக்காலத் தகடுகளால் எழுத்தே அச்சாகியிருந்தது. படத்தின் அழகில் அனைவரும் ஆழ்ந்துவிட்டதால், எழுத்தின் அழுத்தத்தையும் நூலக முத்திரையின் வடிவத்தையும் ஐயத்தோடு பார்த்தவர்கள் மிகச் சிலரே.

இதை எழுதும்போது என் முந்தைய கருத்தில் ஒரு பகுதியை நானே திருத்திக்கொள்கிறேன். தாளை நூலகம் வாங்குவதில் எனக்கு இப்போதும் தடை இல்லை. ஆனால் பாதி வண்ணம் தீட்டிய ஒரு படிக்குள் வண்ணமற்ற சுத்தமான தாளை ஒட்டினால், 11-ஆம் படத்தோடு அந்தக் கை நின்றுவிட்டது என்று நூல் சொல்லத் தொடங்கிவிடும். அது உண்மையா என்பது நமக்கு இன்னும் தெரியாது. ஒட்ட வேண்டாம்.

பதிவு 9 | தாள்பேணுநர்

நூல்தேடி ஐயாவுக்கு என் மனமார்ந்த நன்றி. வாங்கினாலும் அந்தத் தாளை அமிலமற்ற உறையில் தனியே வைத்து, பட்டியலில் தனி எண் கொடுத்து, இந்த நூலின் பதிவோடு இணைத்துக் குறிப்பெழுதினால் போதும். ஆய்வாளருக்கு இரண்டும் கிடைக்கும், நூலும் தன் உண்மையோடு இருக்கும்.

அழுத்தமான பச்சை என்று எழுதியிருந்தீர்கள். அது செம்பிலிருந்து எடுத்த களிம்புப் பச்சையாக இருக்க வாய்ப்புண்டு. களிம்பு காலப்போக்கில் தாளைத் தின்னும். முதலில் பின்பக்கத்தில் பழுப்பு நிறம் ஊறும், எதிர்ப்பக்கத்திலும் பதியும்; பிறகு இலையின் வடிவத்திலேயே தாள் நொறுங்கி உதிரும். அந்த 11 தாள்களையும் புரட்டும்போது மிக மெதுவாக, முழுத்தாளுக்கும் கைத்தாங்கல் கொடுத்துப் புரட்டுங்கள். பருத்திக் கையுறை வேண்டாம். அது விரலின் தொடுவுணர்வை மழுக்கி, ஓரங்களைக் கிழிக்க வழிசெய்யும். கழுவி நன்கு உலர்த்திய கையே மேல். நீர் கொண்டு எதையும் துடைக்க முயல வேண்டாம்.

கண்காட்சியில் நூலை முழுவதும் விரித்துத் தட்டையாக வைக்காமல், அட்டைகள் இரண்டும் சாய்ந்து தாங்கும்படி நூலணை அமைக்க வேண்டும். வெளிச்சம் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது ஒளியை அளக்கும் அலகு) மேல் போகக்கூடாது. ஒளியால் வரும் கேடு சேர்ந்துகொண்டே போவது. இருட்டில் ஓய்வு கொடுத்தால் திரும்பிவிடுவதன்று. சில வாரங்களுக்கு ஒருமுறை வேறு பக்கத்தைத் திறந்து வையுங்கள்.

பதிவு 10 | இலைநரம்பு

படமே இல்லாமல் பார்வையாளருக்கு உரை எப்படி விளங்கும் என்ற கவலை இருந்தால், அதற்கு வேறு வழி உண்டு. பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி போன்ற திறந்த மின்னூலகங்களில் பழைய இயற்கை வரலாற்று நூல்கள் ஏராளமாக, முழுப் பக்கங்களாகக் கிடைக்கின்றன. பிரிக்கப்படாத ஒரு படியின் 12-ஆம் படத்தை அங்கிருந்தோ வேறு நூலகத்திடம் கேட்டோ பெற்று, நகல் என்று தெளிவாக அச்சிட்டு, பக்கத்தில் வைக்கலாம். நகல் தன்னை நகல் என்று சொல்லிக்கொள்ளும் வரை அதனால் எந்த வரலாறும் கெடுவதில்லை.

பதிவு 11 | சுவடிநிழல்

தாமதத்துக்குப் பொறுத்தருள்க. அச்சுமேசை ஐயா கேட்ட எதிர்ப்பக்கத்தை நானும் எங்கள் மூத்தவரும் நேற்று முழுப் பிற்பகலும் பார்த்தோம். வெறும் கண்ணுக்கு அங்கே பழுப்பான கறை ஒன்றுதான் தெரிந்தது. அதனாலேயே நான் இத்தனை நாளும் அதை ஈரக்கறை என்று நினைத்துக் கடந்துபோயிருக்கிறேன். விளக்கைத் தாழ்த்திப் பார்த்தபோது, அச்சு மையின் எண்ணெய் ஊறி உண்டான மெல்லிய கோட்டு நிழல், 12-ஆம் படத்தின் தண்டையும் கிளைகளையும் பூவையும் இடவலம் மாற்றி, ஏறக்குறைய முழுமையாகவே அங்கே காட்டியது. நாங்கள் கறை என்று நினைத்தது அந்த நிழலுக்குள் அடங்கி நிற்கும் இலைகளின் பழுப்பு. தாள்பேணுநர் அம்மா சொன்ன களிம்பின் சுவடு. அறுத்தெடுக்கப்பட்ட தாள் வண்ணம் தீட்டியது என்பதில் இப்போது எங்களுக்கு ஐயம் இல்லை.

அதைவிடப் பெரிய வியப்பு பிறகுதான் வந்தது. 1 முதல் 11 வரை உள்ள படங்களின் எதிர்ப்பக்கங்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். அவற்றில் எல்லா இலைகளின் இடத்திலும் பழுப்பு ஊறியிருக்கிறது. 12-ஆம் படத்தின் எதிர்ப்பக்கத்திலோ, அடியில் உள்ள ஐந்து இலைகளில் மட்டுமே பழுப்பு இருக்கிறது. ஆறாவது இலையின் காம்பை ஒட்டிய ஒரு சிறு பகுதியில் அது தொடங்கி, நரம்பைத் தாண்டாமல் நின்றுவிடுகிறது. அதற்கு மேலே உள்ள இலைகள் வெறும் கோட்டு நிழல்களாக மட்டுமே உள்ளன.

மூத்தவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அந்தத் தனித்தாளை நலம்விரும்பி வாங்கித் தருவாரானால் உறையிலிட்டுத் தனி எண்ணோடு வைத்துக்கொள்வோம் என்றும், பிரிக்கப்பட்டவற்றை நூலகம் தானாகத் தேடிச்சென்று வாங்குவதில்லை என்று எழுத்திலேயே முடிவெடுப்போம் என்றும் சொன்னார். நகலுக்காக வேறொரு நூலகத்துக்கு எழுதியிருக்கிறோம். கண்காட்சிப் பேழையில் முதல் சில வாரங்களுக்கு 11-ஆம் படத்தைத் திறந்து வைப்பதாக இருந்த திட்டத்தை மாற்றிவிட்டோம். அறுந்த அடித்துண்டும், அதற்கு எதிரே அந்த ஆறாவது இலையும் தெரியும்படி, அந்த இடத்தையே திறந்து வைக்கப்போகிறோம். பேழைக்குள் தாழ்ந்த பக்கவாட்டு விளக்கு ஒன்றை 50 லக்ஸுக்குள் எப்படி அமைப்பது என்பதை மட்டும் தாள்பேணுநர் அம்மா சொல்லியருள வேண்டும்.